பாதி முட்டை

காலையில் டப்பா கட்டி முடித்ததும் உடனே மூடிவிட மாட்டேன். முதலில் படம் எடுக்க வேண்டும். அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், என் கணவரின் டப்பாவையும் என் டப்பாவையும் ஒட்டி வைத்து, ஓரத்தில் ஒட்டியிருப்பதை விரலால் துடைத்துவிட்டு, மேலேயிருந்து ஒரு படம். அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகப் போட்ட பிறகுதான் மூடியைத் தேடுவேன். 'இன்று ராகிக் களி, கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரை' என்று கீழே ஒரு வரி, வரியின் கடைசியில் ஒரு பச்சை இலை. ஏழெட்டு மாதம் இதை விடாமல் செய்தேன். இப்போது அந்த ஜன்னல் பக்கம் போய் நின்றாலே காது சூடாகிவிடுகிறது.

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இங்கே மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது. திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி பெங்களூர் வந்து, வருஷக்கணக்கில் வாடகை வீடுகளில் மூட்டை தூக்கி, கடைசியில் சந்தாபுராவில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். வாங்க வேண்டாம் என்று என் நாத்தனார் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "தவணை கட்டறதுக்குள்ள உங்களுக்கு நாக்கு தள்ளிடும் அண்ணி, நான் சொல்றது இப்பத் தெரியாது" என்றாள். நான் கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்தன்று அவளைத்தான் முதலில் பால்கனிக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தேன்.

அடுத்த வருஷமே அவள் வாக்கு பலித்தது. என் கணவர் ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு லாரி போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சரக்கு கொடுத்துவந்த பெரிய பார்ட்டி ஒன்று கைவிட்டுப் போனதில், ஆட்களைக் குறைப்பதற்குப் பதிலாக எல்லோருடைய சம்பளத்தையும் குறைத்தார்கள். நானோ பொம்மசந்திராவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறவள். என் சம்பளம் எதையும் தாங்கிப் பிடிக்கிற சம்பளம் இல்லை. எதைக் குறைக்கலாம் என்று பார்த்தபோது கண்ணில் பட்டது மத்தியானச் சாப்பாடுதான். அவர் ஆபீஸ் பக்கத்து தர்ஷினி ஹோட்டலில் சாப்பிடுவார், நான் ஃபோனில் ஆர்டர் போடுவேன். இரண்டையும் அன்றோடு நிறுத்தினேன்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். சிறுகக் கட்டுவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. வந்தால் அது எப்படியும் சுற்றிக்கொண்டு நாத்தனார் காதுக்குப் போகும். தவணை கட்டுவதைவிட எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. அதனால் சிக்கனத்துக்கு ஆரோக்கியம் என்று பெயர் வைத்தேன்.

நல்ல பெயர். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஊர் முழுக்க இப்போது சிறுதானியப் பேச்சுதான். சாமையும் தினையும் கடையில் விலை கேட்டால் தலை சுற்றும், ராகி மட்டும்தான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. எதிர் மனையில் வீடு கட்டாமல் போட்டு வைத்திருந்த இடத்தில் ஒரு முருங்கை மரம், கேட்பார் இல்லை. கொள்ளு, பச்சைப்பயறு, கோதுமை ரவை, சீசனில் அவரைக்காய். இவற்றை வைத்துக்கொண்டு ஆறு நாளைக்கு ஆறு விதமாகச் செய்தேன். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற பெண்கள் என் டப்பாவைச் சுற்றி நிற்பார்கள். "மேடம், உங்கள மாதிரி எங்களுக்கு வராது" என்பார்கள். சர்க்கரை ஏறியவர்கள் பில் கட்ட வந்தால் அவர்களுக்கும் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து களி கிண்டச் சொல்லிக் கொடுப்பேன். களி மத்தியானத்துக்குள் இறுகி ரப்பராகிவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். தினமும் இரண்டு முட்டை அவிப்பேன். ஒன்று ஒன்பதாவது படிக்கிற என் பெண்ணுக்கு. இன்னொன்றைத் தையல் நூலால் அறுப்பேன். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு பிசிறிவிடும், நூல் என்றால் கண்ணாடி போல வரும். ஒரு பாதி அவர் டப்பாவுக்கு, ஒரு பாதி என் டப்பாவுக்கு. மஞ்சள் கரு மேலே தெரிகிற மாதிரி வைத்து மிளகுத் தூள் தூவினால் படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். "ஒரு நாளைக்குப் பாதி போதும், கொலஸ்ட்ரால் பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்வேன். எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

என் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் பார்ப்பேன். தினமும் முதல் ஆளாகப் பார்த்திருப்பது என் கணவரோடு வேலை செய்கிற ஒரு அக்கா. ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பேரன் எடுத்தவர். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். போன மழைக்காலத்தில் என் கணவருக்கு டெங்கு வந்தபோது ஆபீஸிலிருந்து எனக்கு ஃபோன் செய்து விசாரித்தவர் அவர் ஒருவர்தான். அப்போதிலிருந்து அவர் நம்பர் என்னிடமும் என் நம்பர் அவரிடமும் இருக்கிறது. பிரமாதமாகச் சமைப்பார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் எழுந்ததும் என் டப்பாவைத்தான் பார்க்கிறார் என்பதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருக்காகவே காரட்டைப் பூ மாதிரி நறுக்க ஆரம்பித்தேன்.

என் கணவர் வேறு நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டு வந்தார். டெங்குவில் ஒட்டிப்போன கன்னம் நிரம்பியது, பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட்டார். டப்பா தினமும் காலியாகக் கழுவித் திரும்பி வரும். "பாத்தீங்களா, களி சாப்பிட்ட உடம்பு" என்று அக்கம்பக்கத்தில் காட்டிக்கொண்டேன். நாத்தனாரிடம் வீடியோ காலில் அவரைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் சங்கடமாகச் சிரிப்பார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னதாக என் கணவர் வந்து சொன்னார். சொன்ன கையோடு, "அவ்ளோ தூரம் எதுக்கு, ரெண்டு பஸ் மாறணும், வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். நான் விடுவேனா. அந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை காத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது அடித்துச் சொல்லியிருப்பேன். ராகி மாவும் வெல்லமும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து லட்டு பிடித்தேன். அக்காவின் கணவருக்குச் சர்க்கரை உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், அவர் என்ன சாப்பிடலாம் என்ன சாப்பிடக் கூடாது என்று சொல்வதற்கு மனதுக்குள் பேச்சைத் தயார் செய்தேன். சர்க்கரைக்காரருக்கு வெல்ல லட்டு எடுத்துக்கொண்டு போகிறோமே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணுக்கு டியூஷன் இருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.

சந்துக்குள் ஒடுக்கமாக இரண்டு மாடி ஏறிய வீடு. கூடத்தில் பெரிய புத்தர் படம், அதன் கீழே புது மல்லிகை. அக்காவின் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் பட்டறைக் குரல். என் கணவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"அரே, வாங்க சார், வாங்க! நம்ம பாதி முட்டை சார் நீங்கதானா?"

உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தார். கையில் கரண்டி.

"அய்யோ, சும்னிரி நீங்க!" என்று கணவரைக் கன்னடத்தில் அடக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "நீ உள்ள வாம்மா, அவரு அப்டித்தான், வாயில எதுவும் நிக்காது" என்றார்.

எனக்கு இன்னும் புரியவில்லை. ஸ்டேட்டஸில் பார்த்த முட்டையைச் சொல்கிறார், பாராட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே, "கொலஸ்ட்ரால் இருக்குல்லண்ணா, அதான் பாதி" என்று என் பேச்சை ஆரம்பித்தேன்.

அவர் கையமர்த்தினார். ரொம்பவும் பிரியமாகத்தான் பேசினார். அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது.

"எங்ககிட்ட எதுக்கு தங்கச்சி அதெல்லாம். நாங்க பாக்காததா? ஒரு மீன ஏழா பங்கு போட்டு தின்ன வீடு இது. இருக்கறத வெச்சிக்கினு நீ எவ்ளோ நீட்டா கட்டிக் குடுக்கற, அத சொல்லணும். டெய்லி காலைல இவ போன எடுத்துனு வந்து எங்கிட்ட காட்டுவா. இன்னிக்கும் களிதான், இன்னிக்கும் பாதிதான்னு சொல்லுவா. அதப் பாத்துட்டுதான் நாங்க முடிவு பண்றது, இவ ஆபீஸ் டப்பால சாருக்கு மீன் வறுத்து வெக்கறதா, முட்ட தொக்கு வெக்கறதான்னு. கறி எடுக்கணும்னா நானே முனைக்கடைக்குப் போய் எடுத்துனு வந்துடுவேன். காலைல ஒரு நடை ஆச்சில்ல எனக்கும்."

அக்கா கரண்டியோடு தலையில் கை வைத்துக்கொண்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் புத்தர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. அவர் கன்னம் நிரம்பியது எதனால், டப்பா ஏன் பளபளவென்று திரும்பி வந்தது, வீடியோ காலில் ஏன் அப்படிச் சிரித்தார், ஏன் இங்கே வர வேண்டாம் என்றார். எல்லாவற்றையும்விட, யார் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று நான் பயந்த சொல்லை, தினமும் காலையில் நானே படம் பிடித்து, காரட்டால் பூ வைத்து, ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மானம் கப்பலேறிவிட்டது என்பார்களே, என் மானத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். வேறு எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்களோ தெரியாது.

"ரொம்ப நன்றிண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது? எங்களுக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்த மனிதருக்கு முன்னால் அந்தப் பொய் நிற்காது என்று தெரிந்துவிட்டது. லட்டு டப்பாவை நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டு, "இதுக்கெல்லாம் எதுக்கும்மா செலவு பண்ற" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாப்பாடு என்றால் அப்படியொரு சாப்பாடு. பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி, கோழி வறுவல். மற்ற நாளாக இருந்தால் எண்ணெய் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்திருப்பேன். அன்று தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஸ்வல்ப போடறேம்மா, ஸ்வல்ப" என்று சொல்லிச் சொல்லிக் கரண்டி நிறையப் போட்டார். கன்னடத்தில் கொஞ்சம் என்று சொன்னால் அளவு கூடலாம் போலிருக்கிறது. பிரியாணிக்குள்ளிருந்து முழு முட்டை ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொன்றை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணம் ஆரோக்கியம். அந்தக் காரணத்தை இனி அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? இரண்டையும் சாப்பிட்டேன். 

என் கணவர் மட்டும் இயல்பாகச் சாப்பிட்டார் என்பதைக் கவனித்தேன். அக்கா கரண்டியை நீட்டுவதற்கு முன்பே அவர் தட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. அது பழகிய கை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிளம்பும்போது அக்கா ஒரு பெரிய டப்பா நிறையப் பிரியாணியைப் போட்டு, "பாப்பாவுக்கு" என்று என் கையில் கொடுத்தார். வாசல் வரை வந்து என் கன்னத்தைத் தொட்டார். "எதுவும் மனசுல வெச்சிக்காதம்மா. எல்லாருக்கும் ஒரு டைம் வரும், போவும்" என்றார். நான் தலையாட்டினேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பெங்களூர் பஸ்ஸில் தமிழில் சண்டை போட முடியாது. யாருக்கும் புரியாது என்று நினைத்து ஆரம்பித்தால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுவென்றுதான் கேட்டேன். மடியில் பிரியாணி டப்பா சூடாக இருந்தது. வாசனை பஸ் முழுக்க.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"என் களிய என்ன பண்ணீங்க? கொட்டிட்டீங்களா?"

"சேச்சே. அதையும் சாப்ட்டேன். ரெண்டையும் சாப்ட்டேன்."

"நமக்குக் கஷ்டம்னு சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்களே நெனச்சிக்கிட்டாங்க."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னன்னு சொல்றது? கஷ்டம் இல்லன்னா?"

அந்த வார்த்தையை எங்கள் இருவருக்கும் நடுவில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சம்பளம் குறைந்த அன்று கூட, 'கொஞ்சம் டைட்டா இருக்கும்' என்றுதான் பேசிக்கொண்டோம். எனக்கு அது உறைத்தது, ஆனால் கோபம் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கட்டினது பிடிக்கலையா, பத்தலையா?"

பிடிக்கவில்லை என்றால் ஒரு விதமாகவும் பத்தவில்லை என்றால் ஒரு விதமாகவும் கத்துவதற்குத் தயாராக இருந்தேன். பத்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டும் இருந்தேன். ருசி இல்லை என்றால் சமையல் குற்றம், அது போகட்டும். பத்தவில்லை என்றால் நான் கட்டிக்கொண்ட கோட்டை மொத்தமும் பொய்.

 சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

"ரெண்டும் இல்ல" என்றார் கடைசியில். "நீ கட்றது போதும். பசிச்சதுன்னு சொன்னா பொய். மொத நாளு அவங்க போட வந்தப்ப வேணாம்னுதான் சொன்னேன். போட்டுட்டாங்க. சாப்ட்டு முடிச்சதும், 'இன்னும் கொஞ்சம் போடட்டா'ன்னு கேட்டாங்க. அப்படி என்னை ஒருத்தர் கேட்டு ரொம்ப நாள் ஆச்சு. அதுக்குதான் உக்காந்தேன்."

"ஏன், வீட்ல நான் கேக்கறதில்லையா?" என்றேன். குரல் எழும்பிவிட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்பதில்லைதான். அளந்து வைத்துக் கிண்டுகிறேன், அளந்து போடுகிறேன். பானையில் இல்லாததை எதற்குக் கேட்பது? கேட்டு, அவர்கள் 'போடு' என்று சொல்லிவிட்டால் அப்போது எங்கே போவது? கேட்டுவிட்டு இல்லை என்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று வாய் தானாகவே பழகியிருக்கிறது. எந்த நாளிலிருந்து நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. ஆனாலும் பொம்மசந்திரா தாண்டும்போது எனக்குள் ஒரு எண்ணம் சமாதானம் சொன்னது. ஆம்பளைக்கு நாக்கு. வெளியே ருசி கண்டுவிட்டு, பழியை என் மேல் போடுகிறார். வீட்டில் அவர் மட்டுமா சாப்பிடுகிறார்? என் பெண் ஒரு நாள் குறை சொல்லியிருப்பாளா? அப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பெண் டியூஷன் முடித்து வந்து கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வாசனையை மோந்துவிட்டு, "பிரியாணியா?" என்று எழுந்து வந்தாள். முகம் கழுவாமல் கூட அவளுக்குத் தட்டு வைத்தேன். கறித்துண்டாகப் பார்த்துப் போட்டேன். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள், எலும்பைக் கூட விடவில்லை. தட்டு நொடியில் காலியாகிவிட்டது. விரலால் தட்டை வழித்தாள்.

டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. நான் கரண்டியை எடுத்தேன். என் கணவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமாடி?"

அவள் முதலில் எட்டி டப்பாவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நாளைக்கு உங்க ரெண்டு பேர் டப்பாவுக்கு இருக்கட்டும்."

"அது கெடக்கட்டும். உனக்கு வேணுமா?"

"எனக்குப் போதும்மா. நெறைய சாப்ட்டா நல்லதில்ல, நீதானே சொல்லுவே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பரிசோதனை நிலையத்தில் டப்பாவைத் திறக்கும்போது நான் சிரிக்கிற சிரிப்பு. பதினாலு வயசுப் பெண் முகத்தில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். என் புத்தி அப்படி.

"நல்லது கெட்டது உன்னைக் கேக்கல" என்று கத்திவிட்டேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. பசிக்குதா, இல்லையா?"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

மிகவும் மெதுவாகச் சொன்னாள். அதைச் சொல்ல என் பெண் வெட்கப்பட்டாள்.